சிமெண்ட் சேர்மங்களும் வலிமையும்

சிமெண்ட் அல்லது சீமைக்காரை என்பது நீருடன் சேர்ந்து வேதிவினை புரிந்து இறுகும் கட்டுமானப் பொருள் ஆகும். பார்வைக்கு ஒரே சீரான சாம்பல்நிறத் தூளாகத் தோன்றினாலும், இது பல சேர்மங்களின் கலவையாகும். இவற்றுள் முக்கால்சியம் சிலிக்கேட்டு, இருகால்சியம் சிலிக்கேட்டு, முக்கால்சியம் அலுமினேட்டு, நாற்கால்சியம் அலுமினோபெரைட்டு ஆகிய நான்கும் முதன்மையானவை. இவை ஒவ்வொன்றும் நீருடன் வெவ்வேறு வேகத்தில் வினைபுரிகின்றன. வெவ்வேறு அளவு வெப்பத்தை வெளியிடுகின்றன. வெவ்வேறு காலத்தில் வலிமையைத் தருகின்றன. எனவே சிமெண்ட்டின் வலிமை என்பது மூட்டையில் அடைத்து விற்கப்படும் நிலையான பண்பு அன்று. அது சேர்மங்களின் விகிதம், நீரின் அளவு, ஈரம் நிலைக்கும் காலம் ஆகியவற்றைப் பொறுத்து நாள்தோறும் வளரும் ஒன்றாகும்.

தமிழ்நாட்டில் இவ்வேதியியலை விளங்கிக்கொள்ளக் காவிரிப் படுகை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். தஞ்சாவூர்ப் பகுதிக்கு அண்மையில், கொள்ளிடத்தின் வடக்கே, சிமெண்ட்டின் மூலப்பொருளான சுண்ணக்கல் கிடைக்கிறது. படுகையின் அரிசி ஆலைகளில் சிமெண்ட்டுடன் வினைபுரியக்கூடிய உமிச்சாம்பல் உருவாகிறது. அதன் கிழக்குக் கரையில் சிமெண்ட்டின் சில சேர்மங்களைத் தாக்கும் கடல் உப்பு உள்ளது.

வரலாறு

சிமெண்ட் வருவதற்கு முன்பு தமிழகத்தில் சுண்ணாம்புக் காரையே பயன்பட்டது. சுண்ணக்கல் அல்லது கிளிஞ்சலைச் சுட்டு, நீர் தெளித்து நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் சேர்த்து அரைத்தனர். இக்காரை காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மிக மெதுவாக இறுகுவது. ஆகவே காற்றுப் படாத தடித்த சுவரின் உட்பகுதியிலும் நீருக்கு அடியிலும் அது எளிதில் இறுகாது. இக்குறையைப் போக்கச் சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கி சேர்க்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கிக் காரையால் அமைந்தது.

களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் நீருக்கு அடியிலும் இறுகும் சுண்ணாம்பு கிடைப்பதை இங்கிலாந்தின் சான் சுமீட்டன் 1756 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1824 இல் சோசப் ஆஸ்ப்டின் "போர்ட்லண்ட் சிமெண்ட்" என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். எனினும் சிமெண்ட் ஏன் இறுகுகிறது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் என்றி லெ சாத்தலியே 1887 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வேட்டில், முக்கால்சியம் சிலிக்கேட்டே சிமெண்ட்டின் முதன்மையான இறுகு பொருள் எனக் காட்டினார். 1897 இல் சுவீடனைச் சேர்ந்த டார்னிபாம் நுண்ணோக்கியில் தாம் கண்ட படிகங்களுக்கு அலைட்டு, பெலைட்டு, செலைட்டு, பெலிட்டு எனப் பெயரிட்டார். அமெரிக்கரான ஆர். எச். போக் என்பவர் 1929 ஆம் ஆண்டில், சிமெண்ட்டில் உள்ள ஆக்சைடுகளின் அளவைக் கொண்டு நான்கு சேர்மங்களின் அளவையும் கணக்கிடும் வாய்பாடுகளை வெளியிட்டார். அதனால் இந்நான்கும் "போக் சேர்மங்கள்" எனவும் அழைக்கப்படுகின்றன.

இந்தியாவில் சிமெண்ட் உற்பத்திக்கான முதல் முயற்சி 1904 இல் சென்னையில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்டது. அது வெற்றி பெறவில்லை.

மூலப்பொருட்கள்

சிமெண்ட் தயாரிக்கச் சுண்ணக்கல்லும் களிமண் வகைப் பொருட்களும் தேவை. சுண்ணக்கல் கால்சியத்தைத் தருகிறது. களிமண் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றைத் தருகிறது.

காவிரிப் படுகை ஆற்று வண்டல் படிந்த நிலமாதலால் அங்கு சுண்ணக்கல் பாறைகள் இல்லை. ஆனால் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சென்றால் நில அமைப்பு மாறுகிறது. அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் சில பகுதிகள் கிரீத்தேசியக் காலத்தில் கடலால் மூடப்பட்டிருந்தன. ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகள் முதல் 6.5 கோடி ஆண்டுகள் வரை முற்பட்ட இப்படிவுகளில் கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளும் புதைபடிவங்களும் நிறைந்துள்ளன. என்றி பிரான்சிஸ் பிளான்போர்டு 1862 இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் ஆகிய ஊர்ப் பெயர்களாலேயே இப்படிவுகள் இன்றும் நிலவியலில் வகைப்படுத்தப்படுகின்றன.

1939 ஆம் ஆண்டில் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை நிறுவப்பட்டது. தமிழக அரசின் சிமெண்ட் கழகம் 1979 இல் அரியலூரில் ஆலையைத் தொடங்கியது. பின்னர் அப்பகுதியில் தனியார் ஆலைகள் பலவும் அமைந்தன. பழங்காலக் கடலின் சுண்ணக்கல்லே இன்று பக்கத்து நெல் வயல்களின் நடுவே எழும் வீடுகளுக்கும் மதகுகளுக்கும் பாலங்களுக்கும் சிமெண்ட் ஆகிறது.

அரைத்த மூலப்பொருட்கள் சுழல் உலையில் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படுகின்றன. சுண்ணக்கல் கார்பன் டை ஆக்சைடை இழந்து கால்சியம் ஆக்சைடாக மாறுகிறது. இது சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு ஆகியவற்றுடன் இணைந்து சிறு உருண்டைகளாகிறது. இவ்வுருண்டைகள் கிளிங்கர் எனப்படும். கிளிங்கரைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்தால் சிமெண்ட் கிடைக்கிறது.

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டில் பொதுவாகக் கால்சியம் ஆக்சைடு 60 முதல் 67 விழுக்காடும், சிலிக்கா 17 முதல் 25 விழுக்காடும், அலுமினா 3 முதல் 8 விழுக்காடும், இரும்பு ஆக்சைடு 0.5 முதல் 6 விழுக்காடும் இருக்கும். இவ்வளவுகளில் நேரும் சிறு மாற்றமும் சேர்மங்களின் விகிதத்தைப் பெரிதும் மாற்றும். போக் வாய்பாட்டின்படி, மற்றவை மாறாமல் கால்சியம் ஆக்சைடு மட்டும் 1 விழுக்காடு கூடினால், முக்கால்சியம் சிலிக்கேட்டு ஏறக்குறைய 4 விழுக்காடு கூடும்; இருகால்சியம் சிலிக்கேட்டு ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். சுரங்கத்தின் ஒரு பகுதிக் கல்லும் மறுபகுதிக் கல்லும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஆகவே ஆலைகளில் மூலப்பொருட்களின் கலவை இடைவிடாமல் சோதிக்கப்படுகிறது. வினைபுரியாமல் தங்கிவிடும் சுண்ணாம்பு, கட்டடம் இறுகிய பின் நீருடன் சேர்ந்து விரிந்து வெடிப்பை உண்டாக்கும் என்பதும் இச்சோதனைக்கு ஒரு காரணமாகும்.

நான்கு முதன்மைச் சேர்மங்கள்

| சேர்மம் | வழக்கமான அளவு (விழுக்காடு) | வினைவேகம் | வெளியிடும் வெப்பம் (கிராமுக்கு ஜூல், ஏறத்தாழ) | வலிமையில் பங்கு |
|---|---|---|---|---|
| முக்கால்சியம் சிலிக்கேட்டு | 45 - 60 | விரைவு | 500 | முதல் 28 நாட்களில் மிகுதி |
| இருகால்சியம் சிலிக்கேட்டு | 15 - 30 | மெதுவு | 260 | 28 நாட்களுக்குப் பின் மிகுதி |
| முக்கால்சியம் அலுமினேட்டு | 5 - 12 | மிக விரைவு | 865 | முதல் நாளில் சிறிது |
| நாற்கால்சியம் அலுமினோபெரைட்டு | 6 - 12 | நடுத்தரம் | 420 | மிகக் குறைவு |

முக்கால்சியம் சிலிக்கேட்டு

பாடநூல்களில் டிரைகால்சியம் சிலிக்கேட் எனவும் குறிப்பிடப்படும் இச்சேர்மம், சிமெண்ட்டின் ஏறக்குறைய பாதி அளவினது. நீர் சேர்ந்த சில மணி நேரத்தில் இதன் வினை விரைவடைகிறது. சிமெண்ட் இறுகத் தொடங்குவதற்கும் முதல் ஒரு மாத வலிமைக்கும் இதுவே முதன்மைக் காரணமாகும். இது மிகுதியாக உள்ள சிமெண்ட்டில் சாரமும் முட்டுகளும் விரைவில் அகற்றத்தக்க வலிமை கிடைக்கும். ஆனால் வெப்பமும் மிகுதியாக வெளிப்படும்.

இருகால்சியம் சிலிக்கேட்டு

இது மெதுவாக வினைபுரிவது. முதல் வாரத்தில் இதனால் கிடைக்கும் வலிமை மிகக் குறைவு. பிறகு அது மாதக்கணக்கில் வளர்கிறது. தூய நிலையில் சோதிக்கும்போது, ஏறக்குறைய ஓராண்டு முடிவில் இதன் வலிமை முக்கால்சியம் சிலிக்கேட்டின் வலிமையை நெருங்கிவிடுகிறது. நெல்லில் குறுகிய காலக் குறுவையும் நீண்ட காலச் சம்பாவும் இருப்பதைப் போல, இவ்விரு சிலிக்கேட்டுகளும் ஒரே மூட்டையில் உள்ள இருவேறு வயதுப் பயிர்கள் எனலாம்.

முக்கால்சியம் அலுமினேட்டு

நீர் பட்டவுடன் வினைபுரியும் சேர்மம் இதுவாகும். இதைக் கட்டுப்படுத்தாவிட்டால் கலவை சில நிமிடங்களில் விறைத்துக் கையாள முடியாததாகிவிடும். கிளிங்கருடன் ஜிப்சம் சேர்க்கப்படுவது இதன் பொருட்டே. ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டு இச்சேர்மத்துடன் வினைபுரிந்து எட்ரிங்கைட்டு எனும் ஊசி வடிவப் படிகங்களை உருவாக்குகிறது. இப்படலம் மேலும் நீர் புகுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் கொத்தனாருக்குக் கலவையைக் கலந்து, ஊற்றி, சமன் செய்யக் கால அவகாசம் கிடைக்கிறது. இறுதி வலிமைக்கு இச்சேர்மம் தரும் பங்கு குறைவு. ஆனால் சல்பேட்டுத் தாக்குதலுக்கு இதுவே முதலில் உள்ளாகிறது.

நாற்கால்சியம் அலுமினோபெரைட்டு

சிமெண்ட்டின் சாம்பல் நிறத்துக்கு முதன்மையான காரணம் இரும்பு கலந்த இச்சேர்மமாகும். இரும்பு ஆக்சைடு மிகக் குறைவாக உள்ள மூலப்பொருட்களைக் கொண்டு வெள்ளைச் சிமெண்ட் தயாரிக்கப்படுகிறது. வலிமைக்கு இதன் பங்கு சிறியது. எனினும் உலையில் குறைந்த வெப்பநிலையிலேயே உருகு நீர்மம் தோன்ற உதவி, மற்ற சேர்மங்கள் உருவாவதை இது எளிதாக்குகிறது.

நீரேற்றம்

சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்பது பரவலான கருத்து. உண்மையில் சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. அது நீரை வேதிமுறையில் ஏற்பதால் இறுகுகிறது. இவ்வினை நீரேற்றம் எனப்படும்.

இரு சிலிக்கேட்டுகளும் நீருடன் சேர்ந்து இரண்டு விளைபொருட்களைத் தருகின்றன. முதலாவது கால்சியம் சிலிக்கேட்டு ஐதரேட்டு எனும் மிக நுண்ணிய கூழ்மம். மணலையும் ஜல்லியையும் பிணைத்து வலிமை தருவது இதுவே. இரண்டாவது கால்சியம் ஐதராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இது வலிமைக்குச் சிறிதே உதவும். நீரில் ஓரளவு கரையும். எனினும் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் காரத்தன்மையை இது பேணுகிறது.

எடைக் கணக்கில் பார்த்தால் இரு சிலிக்கேட்டுகளின் வேறுபாடு தெளிவாகும். 100 கிராம் முக்கால்சியம் சிலிக்கேட்டு 24 கிராம் நீரை ஏற்று, ஏறக்குறைய 75 கிராம் கூழ்மத்தையும் 49 கிராம் சுண்ணாம்பையும் தருகிறது. 100 கிராம் இருகால்சியம் சிலிக்கேட்டு 21 கிராம் நீரை ஏற்று, ஏறக்குறைய 99 கிராம் கூழ்மத்தையும் 22 கிராம் சுண்ணாம்பையும் தருகிறது. மெதுவாக வினைபுரியும் சேர்மமே பிணைக்கும் பொருளை மிகுதியாகவும் கரையும் பொருளைக் குறைவாகவும் தருகிறது. எனவே பிற்கால வலிமைக்கும் நீடித்த உழைப்புக்கும் இருகால்சியம் சிலிக்கேட்டு இன்றியமையாதது.

நீரின் அளவு

சிமெண்ட் முழுமையாக நீரேற்றம் அடைய அதன் எடையில் ஏறக்குறைய 23 விழுக்காடு நீர் வேதிமுறையில் பிணைகிறது. கூழ்மத்தின் நுண்துளைகளில் மேலும் 15 விழுக்காடு நீர் தங்குகிறது. ஆக மொத்தம் 38 விழுக்காடு. 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்கு இது 19 லிட்டர் ஆகும். கலவை இளகி அச்சுக்குள் பரவுவதற்காக நடைமுறையில் இதைவிடச் சற்றுக் கூடுதலான நீர் சேர்க்கப்படுகிறது.

கூடுதல் நீர் வினையில் பங்கேற்பதில்லை. அது பின்னர் வெளியேறி, தான் இருந்த இடத்தை வெற்றுத் துளைகளாக விட்டுச் செல்கிறது. நீர்-சிமெண்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் டப் ஆப்ராம்சு 1918 இல் நிறுவினார். இந்தியத் தர நிறுவனத்தின் 456 ஆம் எண் நெறிமுறை (2000), கம்பி வைத்த காங்கிரீட்டுக்கு இவ்விகிதம் மிதமான சூழலில் 0.55 ஐயும், கடுமையான சூழலில் 0.45 ஐயும் தாண்டக் கூடாது என வரையறுக்கிறது. சிறந்த சேர்ம விகிதமுள்ள சிமெண்ட்டும் தண்ணீர் மிகுந்த கலவையில் தன் வலிமையை இழந்துவிடும்.

சிமெண்ட் தரங்கள்

இந்தியாவில் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 33, 43, 53 என்ற தரங்களில் வகைப்படுத்தப்படுகிறது. ஒரு பங்கு சிமெண்ட்டும் மூன்று பங்கு திட்ட மணலும் கொண்ட, 70.6 மி.மீ. பக்க அளவுள்ள கனசதுரம் 28 நாட்கள் கழிந்து நசுக்கிச் சோதிக்கப்படும்போது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தை இவ்வெண்கள் மெகாபாஸ்கல் அலகில் குறிக்கின்றன. இச்சோதனைக்குரிய திட்ட மணல் சென்னையை அடுத்த எண்ணூரிலிருந்து பெறப்படுகிறது. நாட்டின் எப்பகுதி ஆலையிலும் சிமெண்ட்டை ஒரே அளவுகோலால் மதிப்பிட இது துணைபுரிகிறது.

| தரம் | 3 நாட்கள் | 7 நாட்கள் | 28 நாட்கள் |
|---|---|---|---|
| 33 | 16 | 22 | 33 |
| 43 | 23 | 33 | 43 |
| 53 | 27 | 37 | 53 |

எண் கூடக் கூடச் சிமெண்ட் எல்லா வகையிலும் சிறந்தது எனக் கொள்வது சரியன்று. உயர்தரச் சிமெண்ட்டில் பொதுவாக முக்கால்சியம் சிலிக்கேட்டு மிகுதியாக இருக்கும். தூளும் மிக நுண்மையாக அரைக்கப்பட்டிருக்கும். நுண்மை கூடினால் நீர் படும் பரப்பு கூடி வினை விரைவுறும். ஆகவே வலிமையின் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே கிடைத்துவிடும். இருகால்சியம் சிலிக்கேட்டு மிகுந்த பழைய வகைச் சிமெண்ட்டுகள் தொடக்கத்தில் பின்தங்கினாலும், ஈரம் கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்கில் வலுப்பெற்றன.

சேர்ம அளவை மாற்றிச் சிறப்பு வகைச் சிமெண்ட்டுகளும் தயாரிக்கப்படுகின்றன.

- குறைவெப்பச் சிமெண்ட்: முக்கால்சியம் சிலிக்கேட்டும் அலுமினேட்டும் குறைக்கப்பட்டு, இருகால்சியம் சிலிக்கேட்டு கூட்டப்பட்டது. அணை போன்ற பெருங்கட்டுமானங்களில் உள்வெப்பத்தால் வெடிப்பு ஏற்படாதிருக்க இது பயன்படுகிறது.
- சல்பேட்டு எதிர்ப்புச் சிமெண்ட்: முக்கால்சியம் அலுமினேட்டு 5 விழுக்காட்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்தப்பட்டது.
- போசோலானாச் சிமெண்ட்: அனல்மின் நிலையங்களில் கிடைக்கும் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்கப்பட்டது.
- கசடுச் சிமெண்ட்: இரும்பு ஊதுலைக் கசடு சேர்க்கப்பட்டது.

நீராற்றுதல்

பேச்சுவழக்கில் "கியூரிங்" எனப்படும் நீராற்றுதல், ஊற்றிய காங்கிரீட்டைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருப்பதைக் குறிக்கும். 50 கிலோகிராம் மூட்டைக்கு 25 லிட்டர் நீர் கலந்தால், தேவையான 19 லிட்டரைவிட மிகுதியாகவே உள்ளது. பிறகு ஏன் மேலும் நீர் ஊற்ற வேண்டும் என்ற கேள்வி எழலாம். கலந்த நீர் முழுவதும் வினைக்குப் பயன்படும்வரை உள்ளேயே இருப்பதில்லை. வெயிலும் காற்றும் அதை வெளியே இழுக்கின்றன. நுண்துளைகளில் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் நீரேற்றம் பெரும்பாலும் நின்றுவிடும். அந்நிலையில் முக்கால்சியம் சிலிக்கேட்டின் ஒரு பகுதி வினை முடித்திருக்கும். இருகால்சியம் சிலிக்கேட்டின் பெரும்பகுதி வினைபுரியாத தூளாகவே உள்ளே கிடக்கும். முற்றிலும் நீராற்றப்படாத காங்கிரீட், தொடர்ந்து ஈரமாக வைக்கப்பட்டதன் வலிமையில் ஏறத்தாழப் பாதியையே எட்டியதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

மேற்கூறிய 456 ஆம் எண் நெறிமுறை, சாதாரணச் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் நீராற்ற வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பச் சூழலில் எவ்வகைச் சிமெண்ட்டாயினும் 10 நாட்களுக்குக் குறையலாகாது. கலப்புச் சிமெண்ட்டுக்கு 14 நாட்கள் வரை நீட்டிப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

காவிரிப் படுகையில் இது நடைமுறை முக்கியத்துவம் உடையது. மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டு சனவரி 28 அன்று மூடப்படும். சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வரும் கோடை மாதங்கள் மழைத் தடையற்ற கட்டுமானக் காலமாகும். ஆனால் வாய்க்கால்கள் வறண்டு, வெயில் மிகுந்து, காங்கிரீட்டிலிருந்து நீர் மிக விரைவாக ஆவியாகும் காலமும் அதுவே. சிமெண்ட்டுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் வேளையில் ஊரில் தண்ணீர் குறைவாக இருக்கிறது.

தளத்தின் மேல் மணல்காரையாலோ களிமண்ணாலோ சிறு வரப்புகள் அமைத்து, வயலைப் போலப் பாத்தி பாத்தியாக நீர் நிறுத்துவது சிறந்த முறையாகும். தூண்களிலும் சுவர்களிலும் நீர் நிற்காது என்பதால் நனைத்த சாக்குகள் சுற்றப்படுகின்றன. தளத்தின் மீது வைக்கோல் பரப்பி நனைப்பதும் உண்டு. நாளுக்கு இருமுறை நீர் தெளித்து இடையில் உலரவிடுவதைவிட, குறைந்த நீரானாலும் மூடி வைத்து ஈரத்தைக் காப்பதே பயன் மிகுந்தது.

முட்டுகளை அகற்றும் காலமும் சேர்மங்களைப் பொறுத்ததே. 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாட்களும், அதைவிடப் பெரிய தளத்துக்கு 14 நாட்களும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாட்களும் முட்டுகள் நிற்க வேண்டும் என நெறிமுறை கூறுகிறது. இக்கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு உரியது. இந்தியாவில் இன்று விற்பனையாகும் சிமெண்ட்டின் பெரும்பகுதி கலப்புச் சிமெண்ட்டாகும். கலப்புச் சிமெண்ட்டில் கிளிங்கரின் பங்கு குறைவாதலால் முக்கால்சியம் சிலிக்கேட்டும் குறைவு. தொடக்க வலிமை மெதுவாகவே வரும். வெவ்வேறு சிமெண்ட்டுக்கு ஒரே நாட்கணக்கைப் பின்பற்றி முட்டுகளை அகற்றுவது, தளம் தொய்வதற்கும் வெடிப்பதற்கும், சில வேளைகளில் இடிந்து விழுவதற்கும் காரணமாகலாம்.

உமிச்சாம்பல்

நீரேற்றத்தின்போது உண்டாகும் சுண்ணாம்பு வலிமைக்குப் பெரிதும் உதவுவதில்லை என மேலே கூறப்பட்டது. படிக வடிவம் பெறாத நுண்ணிய சிலிக்காவைச் சேர்த்தால், அது இச்சுண்ணாம்புடன் வினைபுரிந்து மேலும் கால்சியம் சிலிக்கேட்டு ஐதரேட்டை உருவாக்கும். இது போசோலானா வினை எனப்படுகிறது. இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரில் கிடைத்த எரிமலைச் சாம்பலால் இப்பெயர் வந்தது. முல்லைப் பெரியாற்றின் சுர்க்கியும் இன்றைய அனல்மின் நிலையச் சாம்பலும் இவ்வினையையே புரிகின்றன.

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கிடைக்கும். அதாவது 100 கிலோகிராம் நெல்லுக்கு ஏறக்குறைய 4 கிலோகிராம் சாம்பல். நன்கு எரிந்த உமிச்சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா உள்ளது. அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் பி. கே. மேத்தா 1970களில் உமிச்சாம்பலைச் சிமெண்ட்டுடன் பயன்படுத்துவது குறித்து முன்னோடி ஆய்வுகளை மேற்கொண்டார்.

எல்லா உமிச்சாம்பலும் இதற்கு ஏற்றதன்று. ஏறக்குறைய 500 முதல் 700 பாகை செல்சியஸுக்குள் கட்டுப்படுத்தி எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் வினைத்திறனுடன் இருக்கும். அதைவிட மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் எரித்தால் சிலிக்கா படிகமாகி வினைத்திறனை இழக்கும். குறைவாக எரித்தால் கரி மிகுந்து சாம்பல் கருமையாக இருக்கும். புழுங்கல் அரிசிக்கு நெல் அவிக்கும் ஆலைகளில் உமியே கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. அங்கு கிடைக்கும் சாம்பலின் தன்மை உலைக்கு உலை மாறுபடும். மேலும் உமிச்சாம்பல் துளைகள் நிறைந்தது. நீரை மிகுதியாக உறிஞ்சுவது. எனவே ஆலைச் சாம்பலை அப்படியே கலவையில் கொட்டுவது வலிமையைக் குறைக்கவே செய்யும். தேவையான செயல்திறனும் சீர்மையும் உள்ள உமிச்சாம்பலை, உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் பயன்படுத்தலாம் என 456 ஆம் எண் நெறிமுறை இசைவளிக்கிறது.

கடலோரப் பகுதி

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரும் காற்றும் உப்புத்தன்மை உடையவை. உப்பு இருவழிகளில் கேடு விளைவிக்கிறது. சல்பேட்டு, இறுகிய காங்கிரீட்டில் எஞ்சியுள்ள அலுமினேட்டு விளைபொருட்களுடன் வினைபுரிந்து எட்ரிங்கைட்டைத் தோற்றுவிக்கும். தொடக்கத்தில் கலவையின் விறைப்பைத் தடுத்து உதவிய அதே படிகம், இறுகிய பின் தோன்றினால் விரிவடைந்து காங்கிரீட்டைப் பிளக்கும். குளோரைடு நேராகக் கம்பியைத் தாக்கித் துருப்பிடிக்கச் செய்யும்.

முக்கால்சியம் அலுமினேட்டு மிகக் குறைந்த சிமெண்ட்டே கடலோரத்துக்கு எப்போதும் ஏற்றது எனக் கூற இயலாது. இச்சேர்மம் குளோரைடின் ஒரு பகுதியைப் பிணைத்துக் கம்பியை ஓரளவு காக்கிறது. அதை மிகவும் குறைத்தால் சல்பேட்டு எதிர்ப்புக் கூடும். குளோரைடு எதிர்ப்புக் குறையும். இதனால் கடலோரக் கட்டுமானங்களுக்குக் கசடுச் சிமெண்ட்டும் போசோலானாச் சிமெண்ட்டும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவை சுண்ணாம்பைக் கூழ்மமாக மாற்றித் துளைகளை நுண்மையாக்கி, உப்புநீர் புகுவதைக் குறைக்கின்றன. ஆனால் அவ்வினை முடிய நீண்ட நீராற்றல் தேவை.

கம்பி வைத்த காங்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. உப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரை கலவைக்கும் நீராற்றுவதற்கும் பயன்படுத்துவதற்கு முன் அதைச் சோதிப்பது அவசியம்.

சேமிப்பு

நீரேற்றத்துக்கு ஊற்றிய நீர்தான் தேவை என்பதில்லை. காற்றின் ஈரமும் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படுகையில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். மூட்டைகளைச் சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ அடுக்கினால், சிமெண்ட் துகள்களின் மேற்பரப்பு நீரேற்றம் அடைந்து கட்டிகள் தோன்றும். மிக விரைவாக வினைபுரியும் நுண்துகள்களே முதலில் வீணாவதால் தொடக்க வலிமை மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் சேமித்த சிமெண்ட்டை மறுபடியும் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கட்டிகளை உடைத்துச் சலித்தாலும் இழந்த வினைத்திறன் திரும்புவதில்லை.

இவற்றையும் பார்க்க

- சுண்ணாம்புக் காரை
- காங்கிரீட்
- சுண்ணக்கல்
- போசோலானா
- உமி
- அரியலூர் மாவட்டம்
- காவிரிப் படுகை

பகுப்புகள்: கட்டிடப் பொருட்கள் | வேதியியல் | குடிசார் பொறியியல்